நண்பன் பெயரில் ஒரு பொய்ப்பூச்சி

ஏப்ரல் கடைசி வாரம். நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலையில் மரங்கள் இன்னும் சரியாகத் தளிர்விட்டிருக்காது. பீவர்கில் ஆற்றுத் தண்ணீர் 10 டிகிரி செல்சியஸைத் தாண்டி இரண்டு மூன்று நாள் அப்படியே நின்றால், பிற்பகல் இரண்டு மணிவாக்கில் ஆற்றின்மேல் குட்டிக் குட்டிப் பாய்மரங்கள் மிதந்து வரத் தொடங்கும். எல்லாம் பூச்சிகள். ஓராண்டு முழுவதும் கல்லுக்கடியில் கிடந்துவிட்டு, மேலே வந்து தோலை உரித்து, இறகு காய்வதற்காகச் சில நொடிகள் தண்ணீர்மேல் உட்கார்ந்திருப்பவை. டிரவுட் மீனுக்குக் குளிர்காலம் முடிந்து கிடைக்கும் முதல் பெரிய விருந்துகளில் ஒன்று அது. நம்மூரில் மழைக்குப்பின் ஈசல் கிளம்பும்போது கோழிகள் எப்படி ஓடும், அப்படி.

அந்தப் பூச்சியின் அறிவியல் பெயர் எஃபெமரெல்லா சப்வேரியா. ஆற்றங்கரையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஹென்ட்ரிக்சன் என்பார்கள். ஆனால் ஹென்ட்ரிக்சன் என்பது பூச்சியைக் கண்டுபிடித்தவரின் பெயரன்று. ராய் ஸ்டீன்ராட் என்பவர் 1916-ல் இந்தப் பூச்சியைப் பார்த்து, நரி ரோமத்தாலும் வாத்து இறகாலும் தூண்டில் முள்ளில் ஒரு போலியைக் கட்டினார். கூடவே மீன்பிடிக்கும் நண்பர் ஏ. இ. ஹென்ட்ரிக்சனின் பெயரை அதற்கு வைத்தார். நாளடைவில் போலியின் பெயர் அசலுக்கும் ஒட்டிக்கொண்டது.

இப்படிப் பொய்ப்பூச்சியைக் கட்டி மீன் பிடிக்கும் ஃபிளை ஃபிஷிங்கைத் தனிமை விரும்பிகளின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் அதிகம். இடுப்பளவுத் தண்ணீரில் ஒற்றை ஆள் நிற்கும் படம்தான் எல்லா நாட்காட்டியிலும் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தக்கைத் தூண்டிலைத் தனியாகக் கற்றுக்கொண்டுவிடலாம். இதை முடியாது. பூச்சி கட்டுவதிலிருந்து ஆற்றைக் கடப்பது வரை பக்கத்தில் இன்னொருவர் நின்றால்தான் கைவரும் வேலைகள் இதில் ஏராளம். கேட்ஸ்கில்லின் வரலாறே ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போன வரலாறுதான்.

ஸ்டீன்ராட் லிபர்ட்டி ஊரின் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர். அவருக்குப் பூச்சி கட்டக் கற்றுக்கொடுத்தவர் தியோடர் கோர்டன். காசநோய் உடம்போடு நெவர்சிங்க் ஆற்றோரம் ஒதுங்கி வாழ்ந்த மனிதர். கோர்டனும் சும்மா தொடங்கிவிடவில்லை. தண்ணீர்மேல் மிதக்கும் பொய்ப்பூச்சியைப் பற்றி இங்கிலாந்தின் ஃபிரெடரிக் ஹால்ஃபோர்டுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். 1890-ல் ஹால்ஃபோர்ட் ஒரு தொகுப்பையே கடிதத்தோடு அனுப்பிவைத்தார். வந்தவை இங்கிலாந்தின் மெதுவான, கண்ணாடி போன்ற சுண்ணாம்புப் பாறை ஆறுகளுக்கானவை. கேட்ஸ்கில் ஆறுகள் கல்லில் மோதி நுரைத்து ஓடுபவை, பூச்சிகளும் வேறு. ஆகவே கோர்டன் உடம்பை மெலிதாக்கி, அதைச் சுற்றிக் கட்டும் சேவல் கழுத்திறகை விறைப்பாக்கி, தம் ஆற்றுக்கேற்ற வடிவத்தைப் பிடித்தார். 1915-ல் இறந்தார். அவர் வாழ்ந்த பகுதி இன்று நியூயார்க் நகரத்துக்குக் குடிநீர் தரும் நெவர்சிங்க் நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. ஸ்டீன்ராட் பின்னாளில் வனவிலங்குக் காவலராகி, சிறுவர்களைக் கூட்டி வைத்துப் பூச்சி கட்டச் சொல்லித்தந்தார்.

எல்லோரும் அப்படி வாரி வழங்கவில்லை. ரூப் கிராஸ் பூச்சி கட்டுவதில் அந்த வட்டாரத்தின் பெரிய கை. 1920களின் கடைசியில் ராஸ்கோ ஊரின் வால்ட் டெட்டி அவரிடம் போய்த் தொழிலைக் கற்றுத்தரச் சொன்னபோது முடியாதென்றுவிட்டார். டெட்டி என்ன செய்தார் தெரியுமா? கிராஸ் கட்டிய பூச்சிகளையே காசு கொடுத்து வாங்கினார். மனைவி வின்னியும் நண்பர் ஹாரி டார்பியும் அருகிருக்க, ஒவ்வொரு சுற்றாக நூலைப் பிரித்து, எது எதற்குமேல் ஏறியிருக்கிறது, எத்தனை சுற்று என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். ஒரு வித்தையைப் பின்னாலிருந்து முன்னோக்கிப் படித்த குடும்பம் அது. டெட்டியின் மகள் மேரி சிறுவயதிலேயே கட்டத் தொடங்கி வாழ்நாள் முழுக்கக் கட்டினார். குடும்பத்தின் பூச்சிக் கடை பிறகு அவருடைய பேரன் கைக்குப் போனது. டார்பியும் அவர் மனைவி எல்சியும் தனியாக இன்னொரு குடும்பத் தொழிலை நடத்தினார்கள். பூச்சி கட்டுவதற்கென்றே சாம்பல்நிறச் சேவல்களை டார்பி வளர்த்தார்.

அந்தச் சாம்பல்நிறம் லேசில் அகப்படாது. நீலச்சாம்பல் சேவலையும் நீலச்சாம்பல் பெட்டையையும் சேர்த்தால் குஞ்சுகளில் சராசரியாகப் பாதிதான் அந்த நிறத்தில் பிறக்கும். கால்பங்கு கறுப்பு, கால்பங்கு வெள்ளையில் திட்டுத்திட்டாக. நம்மூர்ச் சேவற்கட்டுக்காரர்கள் இறகைப் பார்த்து ரகம் சொல்வதுபோல இவர்களும் கழுத்திறகை வெளிச்சத்தில் பிடித்து, துருநிறம் கலந்ததா, தேன்நிறம் கலந்ததா என்று பஞ்சாயத்து பேசுவார்கள். இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. சால்மன் மீனுக்கென்று அந்தக் காலத்தில் கட்டிய பொய்ப்பூச்சிகளில் கண்போலப் பளபளக்கும் இறகு தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலுடையது. இப்போது நம் காட்டிலிருந்து எடுக்க முடியாது. வெளிநாட்டில் பண்ணையில் வளர்த்தவற்றிலிருந்துதான் வருகிறது.

ஹென்ட்ரிக்சன் கட்டும் முறைக்கு வருவோம். பொய்க்கால் குதிரை மாதிரி இது பொய்ப்பூச்சி. குதிரையாட்டம் பார்ப்பவருக்குக் கால் தெரியாமல் இருக்கவேண்டும், இங்கே மீனுக்கு முள் தெரியாமல் இருக்கவேண்டும். தேவையானவை: 12 அல்லது 14-ஆம் எண் முள் (எண் கூடக்கூட முள் சிறிது), மெல்லிய சாம்பல் நூல், மரவாத்தின் விலாவில் இருக்கும் எலுமிச்சை மஞ்சள் கோடிட்ட இறகு, செந்நரியின் அடிவயிற்று ரோமம், சாம்பல்நிறச் சேவலின் கழுத்திறகு இரண்டு. நரி ரோமம் மங்கிய இளஞ்சிவப்பாக இருக்கவேண்டும். பெட்டை நரியின் சிறுநீர் பட்டுக் கறைபிடித்த ரோமம்தான் உசத்தி என்று அடம்பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். சாயமேற்றிய முயல் ரோமத்திலும் மீன் கடிக்கத்தான் செய்கிறது.

முள்ளை வைஸ் என்ற பிடிகருவியில் வளைவுப் பக்கமாகக் கவ்வி, எதிர்முள்ளை (நுனியருகே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் கூரை) முன்னதாகவே இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். முள்ளின் காதுக்கு (நரம்பு கோக்கும் ஓட்டைக்கு) பின்னால் ஒரு காதளவு இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு நூலைத் தொடங்குங்கள். முதலில் கட்டுபவர்கள் அத்தனை பேரும் தவறும் இடம் இதுதான். கடைசியில் தலையை முடிக்க இடமில்லாமல் நூலும் இறகும் காதை அடைத்துக்கொள்ளும். ஆற்றில் குளிர்ந்த விரலோடு தூண்டில் நரம்பைக் கோக்கப் போகும்போதுதான் அந்தத் தவறு தெரியும்.

முதலில் சிறகு. விலா இறகிலிருந்து ஒரு கொத்தை நுனி சமமாக இருக்கும்படி எடுத்து, முள்ளின் தண்டு நீளத்துக்கு அளந்து, காதிலிருந்து மூன்றில் ஒருபங்கு தூரத்தில், நுனி முன்பக்கம் பார்க்கக் கட்டுங்கள். பிறகு கொத்தை நிமிர்த்தி, அதன் முன்னால் நூலால் அணைபோல நாலைந்து சுற்று. ஊசியால் கொத்தை இரண்டாகப் பிரித்து, இடையே எட்டுப் போடுவதுபோலக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றினால் V வடிவில் நிற்கும். அடுத்தது வால், அதுவும் தண்டு நீளம்தான். பின் உடம்பு. நரி ரோமத்தை ஒரு சிட்டிகை எடுத்து, நூலில் விரலால் ஒரே திசையில் உருட்டுங்கள். எடுத்த சிட்டிகையில் பாதியைத் திருப்பி வைத்துவிடுவது நல்ல பழக்கம். ரோமம் கூடினால் உடம்பு பருத்து, தண்ணீரைக் குடித்து, நாலாவது வீச்சில் மூழ்கிப்போகும். வால்பக்கம் மெலிந்து சிறகுப்பக்கம் சற்றுப் பருத்து வரவேண்டும்.

கடைசியில் கழுத்திறகு. இறகின் தண்டை வளைத்துப் பார்த்தால் இழைகள் விரியும். இழையின் நீளம் முள்ளின் வாய் அகலத்தில் (நுனிக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளியில்) ஒன்றரை மடங்கு இருந்தால் போதும். நீளம் கூடினால் பூச்சி குப்புற விழும். குறைந்தால் முள் தண்ணீருக்குள் தொங்கும். சிறகுக்குப் பின் இரண்டு மூன்று சுற்று, முன் இரண்டு மூன்று சுற்று. முதல் இறகின் இழைகளை மடக்கிவிடாமல் இருக்க, இரண்டாவதை அசைத்து அசைத்து ஊடே நுழைத்துச் சுற்றவேண்டும். தலையில் நாலைந்து முடிச்சுச் சுற்று, ஒரு துளி பசை. மேசையில் போட்டால் வால்நுனியிலும் இறகுநுனியிலும் நின்று, முள்ளின் வளைவு மேசையைத் தொட்டும் தொடாமலும் இருக்கவேண்டும். முதல் டஜன் அப்படி நிற்காது. நிற்காதவற்றையும் தூக்கிப்போட வேண்டாம், கழுத்திறகு கலைந்து தண்ணீரோடு ஒட்டி மிதக்கும் கோணல் பூச்சியைத் தோலுரிக்க முடியாமல் திணறும் பூச்சி என்று நினைத்து மீன் எடுப்பது சகஜம். பிள்ளைகள் கட்டிய பூச்சிகள் ஆற்றில் எடுபடுவதற்கு இதுதான் காரணமே தவிர அதிர்ஷ்டம் இல்லை.

எறிவதில் உள்ள சூட்சுமத்தைத் தூண்டில் தெரிந்தவர்களுக்கு விளக்குவதுதான் கடினம். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டோ இரையோ கனமாக முன்னால் பறக்கும், நரம்பு அதன் பின்னால் போகும். இங்கே தலைகீழ். பூச்சிக்குக் கனமே இல்லை, கயிற்றுக்குத்தான் கனம். பரவலாகப் பயன்படும் 5-ஆம் எண் கயிற்றின் முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம். 9 அடிக் கோல் இந்தக் கயிற்றைத்தான் எறிகிறது. கயிற்றின் நுனியில் படிப்படியாக மெலியும் 9 அடி நரம்பு. அதன் நுனியின் தடிமனை X என்ற எண்ணால் சொல்வார்கள்; 5X என்றால் 0.006 அங்குலம், 0.15 மில்லிமீட்டர். 11-லிருந்து X-க்கு முன் இருக்கும் எண்ணைக் கழித்தால் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று வரும். பூச்சியின் எண்ணை மூன்றால் வகுத்தால் எந்த நரம்பு பொருந்தும் என்று தெரியும். 14-ஐ வகுத்தால் நாலரைக்குக் கொஞ்சம் மேல், ஆக 4X அல்லது 5X. பள்ளிப்பிள்ளையிடம் இந்தக் கணக்கை ஒப்படைத்துவிடுங்கள், தப்பாது.

பழகுவதற்கு ஆறு வேண்டாம், புல்வெளி போதும். முள்ளுக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூல் ஒரு துண்டு. தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம், பக்கத்தில் நிற்பவருக்கும் சேர்த்து. 25 அடிக்கு மேல் கயிறு வேண்டாம். கோலை மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டிக்கொண்டே போய், தோளுக்குச் சற்றுப் பின்னால் சட்டென்று நிறுத்தவேண்டும். நிறுத்திவிட்டுக் காத்திருக்கவேண்டும், கயிறு பின்னால் முழுதாக நீளும்வரை. பிறகு முன்னால் அதே மாதிரி, அதே நிறுத்தம்.

தவறுகள் மூன்றுதான், மூன்றும் பக்கத்தில் நிற்பவருக்கே தெரியும். காத்திராமல் முன்னால் வீசினால் சாட்டை சொடுக்கும் சத்தம் கேட்கும், பூச்சி அறுந்து பறந்திருக்கும். மணிக்கட்டை உடைத்துக் கோலைப் பின்னால் சாய்த்தால் கயிறு புல்லில் விழும். ஆரம்பத்திலேயே வெடுக்கென்று இழுத்தால் கோல்நுனி பள்ளம் வாங்கி, மேல் கயிறு கீழ்க் கயிற்றைக் குறுக்கே வெட்டும். நரம்பில் தானாக ஒரு முடிச்சு விழும். அதற்குக் காற்று முடிச்சு என்று பெயர் வைத்துக் காற்றின்மேல் பழியைப் போடுவார்கள். அந்த முடிச்சு விழுந்த நரம்பின் வலுவில் ஏறத்தாழப் பாதி போய்விடும், பார்த்தவுடன் வெட்டி மாற்றவேண்டும்.

யார் கற்றுக்கொடுப்பது என்பதில் என் கட்சி உறுதியானது: கணவன் மனைவிக்கோ மனைவி கணவனுக்கோ வேண்டாம். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது என்ன நடக்குமோ அதேதான் நடக்கும். நண்பரின் வீட்டாருக்கு நீங்கள், உங்கள் வீட்டாருக்கு நண்பர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். பீவர்கில்லின் மேற்பகுதியில் லியூ பீச் என்ற ஊரில் ஜோன் வுல்ஃபும் கணவர் லீ வுல்ஃபும் 1979-ல் ஒரு ஃபிளை ஃபிஷிங் பள்ளி தொடங்கினார்கள். வீச்சை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துச் சொல்லும் முறையை வளர்த்தவர் ஜோன். காசு கொடுத்து அந்நியரிடம் திட்டு வாங்குவது குடும்பத்துக்கு நல்லது. சிறு பிள்ளைகளுக்கு ஏழரை, எட்டு அடிக் கோல், ஒரு நேரத்தில் பதினைந்து நிமிடம். அதற்குமேல் அவர்கள் ஆற்றங்கரைக் கல்லைப் புரட்டி அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளைப் பார்க்கட்டும். பாதிப் பாடம் அங்கேதான் இருக்கிறது.

ஆற்றில் முதல் எதிரி இழுபடுதல். ஆற்றின் நடுவேகம் ஒன்று, கரையோர வேகம் ஒன்று. கயிறு நடுவேகத்தில் வளைந்து அடித்துச் செல்லப்பட்டால், மெதுநீரில் கிடக்கும் பூச்சியை அது தரதரவென்று இழுக்கும். நிஜப்பூச்சி அப்படிக் கோடு கிழித்துக்கொண்டு போகாது. டிரவுட் கீழே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். கயிறு விழுந்த உடனே கோல்நுனியால் அதைத் தூக்கி நீரோட்டத்தின் மேற்பக்கம் வளைத்துப் போட்டால் மூன்று நான்கு அடி சுத்தமான மிதப்பு கிடைக்கும். அது போதும். மீனுக்கு நீரோட்டத்தின் மேற்பக்கம் மூன்றடி தள்ளிப் போட்டு, அதன் தலைமேல் இழுபடாமல் கடக்கவேண்டும்.

இந்த இழுபடுதல் வீசுபவர் கண்ணுக்குப் பல நேரம் தெரிவதில்லை. அவருக்கு 30 அடி தள்ளி, நீரின் மினுக்கத்தில் ஒரு புள்ளிதான் பூச்சி. கரையில் சற்று மேட்டில் நிற்பவருக்குப் பளிச்சென்று தெரியும். மீன் எந்தக் கல்லுக்குப் பின்னால் எழும்புகிறது, எத்தனை நொடிக்கொருமுறை என்பதும் அவருக்கே தெரியும். அதனால் சிற்றாறுகளில் இரண்டு பேருக்கு ஒரே கோல் என்பதுதான் சிறந்த ஏற்பாடு. ஒருவர் வீச, ஒருவர் பார்க்க. ஒரு மீன் பிடித்தாலோ ஒரு மீனைத் தவறவிட்டாலோ கோல் கைமாறும். பூச்சியைக் கிளையில் மாட்டினாலும் கைமாறும் என்று சிலர் விதி வைத்திருக்கிறார்கள், அது கொஞ்சம் கடுமைதான்.

மீன் எடுத்ததும் சுண்டி இழுப்பது நம் கைப்பழக்கம். 5X நரம்பு தாங்குவது சுமார் 2 கிலோ, சுண்டினால் அறும். கோலை நிமிர்த்தினால் போதும். மெதுநீரில் பெரிய மீன் என்றால் அது வாயை மூடித் தலையைத் திருப்பும்வரை பொறுக்கவேண்டும்.

பெரிய ஆற்றில் இறங்கும்போது கோலைவிட முக்கியம் இடுப்புப் பட்டை. நெஞ்சுவரை வரும் ரப்பர்க் கால்சட்டைக்கு மேல் அதை இறுக்கிக் கட்டவேண்டும். விழுந்தால் தண்ணீர் கால்சட்டைக்குள் வேகமாக இறங்காமல் காப்பது அதுதான். தனியாகக் கடக்க முடியாத இடத்தை இருவர் தோளோடு தோள் பிடித்துக் கடக்கலாம். பலசாலி நீரோட்டத்தின் மேற்பக்கம், மற்றவர் அவர் நிழலில். ஒரு நேரத்தில் ஒருவர் கால்தான் நகரவேண்டும். காலைத் தூக்காமல் அடியில் தேய்த்து நகர்த்தவேண்டும். முன்பே நின்று மீன்பிடிக்கும் ஒருவருக்கு எதிரே, அவர் போகப்போகும் திசையில் இறங்குவது இந்த ஆற்றின் பெரிய அநாகரிகம். வில்லோவீமாக்கும் பீவர்கில்லும் கூடும் ராஸ்கோ கூடுதுறையில் கூட்டம் அதிகம், அங்கே இதைப் பார்த்து நடக்கவேண்டும். எந்த ஆற்றில் ஏறுவதென்று தெரியாமல் அங்கேயே தங்கிப்போன இரட்டைத்தலை டிரவுட் ஒன்று உண்டென்றும் கதை சொல்வார்கள். வாரக்கடைசியில் வண்டி நிறுத்த இடம் தேடுபவர்களுக்கும் அதே கதிதான்.

முள் கையில் ஏறினால் எடுப்பதற்கும் இரண்டாவது ஆள் வேண்டும். கெட்டி நரம்பை முள்ளின் வளைவில் கொக்கிபோலப் போட்டு, ஒரு கையால் காதுப்பக்கத்தைத் தோலோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, மறுகையால் நரம்பைத் தோலுக்குச் சமாந்தரமாகச் சட்டென்று இழுத்தால், ஏறிய வழியிலேயே முள் வந்துவிடும். மூன்று எண்ணுவதாகச் சொல்லிவிட்டு இரண்டிலேயே இழுக்கவேண்டும். கண்ணுக்கு அருகில் ஏறியிருந்தால் தொடக்கூடாது, மருத்துவமனைதான். எதிர்முள்ளை நசுக்கச் சொன்னதன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா? பீவர்கில்லில் 1965 முதலே சில பகுதிகளில் மீனைத் திரும்ப விட்டுவிடவேண்டும் என்பது சட்டம். இறங்கும் முன் பலகையைப் படியுங்கள். 16 வயது நிறைந்தவர்களுக்கு மாநில உரிமம் வேண்டும், அதற்குக் கீழ் வேண்டாம். கையை நனைத்துக்கொண்டு, வலைக்குள், தண்ணீரிலேயே வைத்து முள்ளை எடுங்கள். காய்ந்த கை மீனின் வழுவழுப்பான மேற்படலத்தை உரித்துவிடும், பூஞ்சை பிடித்து அது பிறகு செத்துப்போகலாம். படம் எடுக்கவேண்டுமானால் எடுப்பவர் தயாரான பிறகே மீனைத் தூக்கவேண்டும். ஜூலையில் தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தொட்டால் கோலைச் சுருட்டிவிடுங்கள். சூட்டில் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு, போராடிய டிரவுட் நீந்திப்போவதுபோலத் தெரிந்தாலும் பிழைப்பது கடினம். ஒரு தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டிச் சட்டைப்பையில் வைத்திருப்பது நூறு பூச்சி வைத்திருப்பதைவிட உபயோகம்.

ஹென்ட்ரிக்சன் பருவம் மே நடுவில் ஓய்ந்துவிடும். ஒருவருக்கு ஒரு டஜன் கட்டிவைத்தால் போதுமா என்று கேட்பார்கள். நாலு மரத்துக்குப் போகும், மூன்று மீனோடு போகும், ஒன்றிரண்டு சாட்டைச் சொடுக்கில் பறக்கும். அன்றன்றைக்கு நனைந்ததை இரவே திறந்த டப்பாவில் காயவைக்காவிட்டால் இரண்டு துருப்பிடிக்கும். மிச்சமுள்ளது உங்களுக்கு. அதனால் ஒன்றரை டஜனாகக் கட்டுங்கள். கோலை மட்டும் காரில் போட்டுக்கொண்டு, டப்பாவை வீட்டில் மறந்துவிட்டு வரும் நண்பர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருக்கிறார்.